உழைப்பின் சூடு

மாரமங்கலத்தில் ஒரு காப்பித் தோட்டம், டிசம்பர் சாயங்காலம். சரிவிலிருந்து பழ மூட்டையைத் தலையில் சுமந்து வந்து தராசுப் பக்கத்தில் இறக்கினார் ஓர் அக்கா. மேசையில் கொரோனா காலத்து நெற்றி வெப்பமானி கிடந்தது. விளையாட்டாக அவர் நெற்றிக்கு நேராகப் பிடித்தேன். 36.1. பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு 36.6.

"அப்போ நீங்கதான் தம்பி நெறைய வேல பாத்திருக்கீங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது.

கருவி பொய் சொல்லவில்லை. தசை செலவிடும் ஆற்றலில் அதிகம் போனால் கால் பங்குதான் வேலையாகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். அது உள்ளேயே தங்கினால் ஆள் தாங்கமாட்டார். ரத்தம் அதைத் தோலுக்குக் கொண்டுவர, வியர்வை வெளியேற்றுகிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி போய்விடும். மலைக்காற்றில் ஈர நெற்றி குளிர்ந்துதான் இருக்கும். உழைத்த தடயத்தை உடல் தானே அழித்துவிடுகிறது.

அடுத்தவர் உழைப்பை வெளியிலிருந்து அளப்பது வெறும் அறிவியல் ஆசை இல்லை, கூலி சம்பந்தப்பட்டது. 1935 முதல் 1945 வரை குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தவர் வாலஸ் ஐக்ராய்ட். 1957இல் நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, அவருடைய கணக்கை வைத்துக் குறைந்தபட்சக் கூலிக்கு இலக்கணம் வகுத்தது. நடுத்தர உழைப்புள்ள ஒருவருக்கு நாளுக்கு 2700 கலோரி. குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகுகள். ஆண் 1, பெண் 0.8, இரண்டு குழந்தைகளுக்கு ஆளுக்கு 0.6. வயிற்றைக் கூலியின் அடித்தளமாக்கிய கணக்கு இது, இகழ மாட்டேன். ஆனால் 0.8 சுமக்கிற மூட்டை 0.8 மூட்டையா?

1966இல் பெங்ட் சால்ட்டின், லார்ஸ் ஹெர்மன்சன் என்ற இரு உடலியலாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள். வேலையின்போது உடலின் உள்வெப்பம் உயர்வது, எத்தனை கலோரி செலவானது என்பதைவிட, அவரவர் உச்சத் திறனில் எத்தனை பங்கு செலவானது என்பதையே ஒட்டியிருக்கிறது. உடல் எடைக்கும் இதில் பங்குண்டு என்று பின்னால் வந்த ஆய்வுகள் திருத்தின. இருந்தாலும் அந்தக் கேள்வி எனக்கு முக்கியம். கலோரி கேட்பது "எவ்வளவு?" உள்வெப்பம் கேட்பது "உன்னிடம் இருந்ததில் எவ்வளவு?" தராசு இரண்டையும் கேட்பதில்லை. அதற்குக் கிலோ போதும்.

அப்படியானால் உள்வெப்பத்தை அளந்தே கூலி கொடுக்கலாமா? யோசித்தால் பயமாக இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்க்கத் தெரிந்த முதலாளி அடுத்து என்ன சொல்வார்? "இன்னும் இருபது சதவீதம் மிச்சமிருக்கு, இன்னொரு மூட்டை தூக்கு." அளவை என்பது கூலி இதற்குக் கீழே போகக் கூடாது என்று சொல்வதற்கு மட்டும்தான் நியாயம். இன்னும் எவ்வளவு பிழியலாம் என்று பார்ப்பதற்கு இல்லை.

வெளியிலிருந்து தெரியாததை அவரிடம்தான் கேட்க வேண்டும். அடுத்த முறை போனபோது கேட்டேன்.

"கழுத்துதான் தம்பி. இப்போ தெரியாது. ராத்திரி படுத்தாத்தான் தெரியும்."

அந்த நேரத்தில் அங்கே தராசு இருப்பதில்லை.