படிக்க வரும் தனிப்பெற்றோர்: உதவி யாருடைய கடன்?

தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒருவர் முப்பது வயதிலோ நாற்பது வயதிலோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் அவருக்கு மூன்று வகைச் செலவு உண்டு. கல்விக் கட்டணம் ஒன்று. படிக்கும் காலத்தில் குடும்பத்தை நடத்தும் செலவு இன்னொன்று. அவர் வகுப்பில் இருக்கும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுக்கவேண்டியது மூன்றாவது. முதல் இரண்டும் எல்லா ஏழை மாணவருக்கும் பொது. இவரைத் தனியே நிறுத்துவது மூன்றாவதுதான். இருவர் இருக்கும் வீட்டில் ஒருவர் படித்தால் மற்றவர் சம்பாதிப்பார், அல்லது பிள்ளையைப் பார்ப்பார். இங்கே எல்லாவற்றுக்கும் ஆள் ஒருவரே. இந்தச் செலவை அரசோ சமய அமைப்போ ஏற்கவேண்டுமா, ஏற்றால் அது தானமா கடமையா, பெறுபவரிடம் பதிலுக்கு எதையாவது கேட்கலாமா என்பவை அறம் சார்ந்த கேள்விகள். இவை வரவுசெலவுக் கணக்காக மட்டும் பார்க்கப்படும்போது விடைகளும் அரைகுறையாகவே அமைகின்றன.

கணவனை இழந்தவளையும் தந்தையற்ற பிள்ளையையும் காக்கச் சொல்லாத பெருஞ்சமயம் அரிது. எபிரேய மறைநூல்கள் அறுவடை வயலில் உதிர்ந்த கதிரை அவர்களுக்கு விட்டுவைக்கக் கட்டளையிடுகின்றன. செல்வரின் சொத்தில் ஏழைக்கு உரிமைப் பங்கு இருப்பதாகக் குர்ஆன் கூறுகிறது. ஜகாத் அந்தப் பங்கைச் சேர்ப்பிக்கும் ஏற்பாடு. 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடெஸ் கொடையை எட்டுப் படிகளாக வகுத்தார். ஒருவர் பிறரை நம்பி வாழாதபடி அவரைச் சொந்தக் காலில் நிற்கச் செய்வதே அவற்றில் தலையாயது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாமல் நடக்கும் கொடை அதற்கு அடுத்தது. திருக்குறள் ஒப்புரவையும் ஈகையையும் தனித்தனி அதிகாரங்களாக்குகிறது: வறியவருக்குக் கொடுப்பது ஈகை, ஊரோடு கூடி வாழ்பவன் கைம்மாறு கருதாமல் செய்யும் கடமை ஒப்புரவு. படிக்கும் தனிப்பெற்றோருக்கான உதவி இவ்விரண்டில் எதன் கீழ் வரும் என்பதைப் பொறுத்தே மற்ற விடைகளும் அமையும்.

பழைய அறநூல்கள் பெரும்பாலும் சோற்றையும் துணியையும் கூரையையும் மனத்தில் கொண்டவை. உழைத்துப் பிழைக்க முடிந்த தாய் வேலையை விட்டுப் படிக்கப் போவதற்கும் உதவி உண்டா என்ற கேள்வி அவற்றில் நேராக எழுவதில்லை. ஆனால் தமிழகக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்டப் பிரிவில் அதற்கு நெருக்கமான ஒரு விதி உண்டு. சம்பாதிக்க வலுவுள்ளவருக்குப் பொதுவாக ஜகாத் இல்லை. ஆனால் அவர் மார்க்கக் கல்வியில் ஈடுபட்டிருந்து, வேலைக்குப் போனால் அந்தக் கல்வி தடைப்படும் என்றால் அவர் அதைப் பெறலாம். கல்வி பயிலும் காலத்தில் ஒருவர் சம்பாதிக்காமல் இருப்பதைச் சோம்பலாகக் கணக்கிடக்கூடாது என்ற தெளிவு அந்தச் சட்டத்தில் இருக்கிறது. பல நவீன அரசுகளின் உதவித்தொகை விதிகளில் அது இல்லை.

அடுத்து எழுவது தகுதி பற்றிய கேள்வி. கைம்பெண்ணுக்கு இரங்கிய சமூகங்கள் மணமாகாத தாய்க்கு இரங்கவில்லை. இங்கிலாந்தின் 1834ஆம் ஆண்டு ஏழையர் சட்டம் மணமாகாதவளின் பிள்ளைக்கு அவளையே முழுப் பொறுப்பாக்கியது. 1925இல் அந்நாட்டில் கைம்பெண்களுக்கு ஓய்வூதியம் வந்தபோதும் மணமாகாத தாயும் கணவன் கைவிட்டவளும் அதற்கு வெளியே நின்றார்கள். விதியால் வந்த துன்பத்துக்குச் சமூகம் ஈடு செய்யலாம், ஒருவர் தாமே தேடிக்கொண்டதற்கு அவரே பொறுப்பு என்பது இந்தப் பாகுபாட்டின் அடிப்படை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சமத்துவம் பற்றி எழுதிய மெய்யியலாளர் சிலரும், தற்செயலால் வந்த குறைக்கே ஈடு என்று இதே கோட்டை வேறு சொற்களில் வரைந்தனர். அமெரிக்க மெய்யியலாளர் எலிசபெத் ஆண்டர்சன் 1999இல் இதைக் கடுமையாக மறுத்தார். பிறரைப் பராமரிப்பதற்காக வருமானத்தை இழந்தவரிடம் 'அது உன் தேர்வு' என்று சொல்லிக் கைவிடும் கொள்கை சமத்துவத்தின் நோக்கத்தையே தவறவிடுகிறது என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. அவர் சொன்னது சரி. தாய் எப்படித் தனியானாள் என்பதை வைத்துப் பிள்ளையின் பசி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

உதவிக்குப் பதிலாக எதைக் கேட்கலாம் என்ற கேள்விக்குப் பண்டித ரமாபாயின் வாழ்க்கையைவிடக் கூர்மையான சான்று கிடைப்பது கடினம். 1858இல் பிறந்து, சமஸ்கிருதப் புலமைக்காகக் கல்கத்தாவில் பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் பெற்ற அவர், சாதி கடந்து மணந்த வங்காள வழக்கறிஞரான கணவரை 1882இல் இழந்தார். மகள் மனோரமா அப்போது கைக்குழந்தை. மறு ஆண்டு மருத்துவம் படிக்கும் எண்ணத்துடன் பிள்ளையோடு இங்கிலாந்து போனார். மராத்தியில் தாம் எழுதிய நூலை விற்ற பணம் பயணத்துக்கு உதவியது. அங்கே வாண்டேஜ் என்ற ஊரின் ஆங்கிலிக்கன் கன்னியர் மடம் தாய்க்கும் மகளுக்கும் இடம் கொடுத்தது. இந்தியா செல்லவிருந்த கன்னியருக்கு அவர் மராத்தி கற்பித்தார். காது மந்தமானதால் மருத்துவப் படிப்பு கைகூடவில்லை. செல்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் சமஸ்கிருதம் கற்பித்துக்கொண்டே தாமும் படித்தார்.

1883 செப்டம்பரில் அவரும் மகளும் திருமுழுக்குப் பெற்றார்கள். உரசல் தொடங்கியது அதன் பிறகுதான். திரித்துவம் போன்ற கோட்பாடுகளை அவர் கேள்வியின்றி ஏற்கவில்லை. அவருடைய ஆன்மிகப் பொறுப்பை ஏற்றிருந்த சகோதரி ஜெரால்டின் அதைச் செருக்காகக் கண்டார். இந்தியப் புரோகிதரின் நுகத்தை இறக்கிவைத்தவர் இன்னொரு நுகத்தைத் தூக்குவதற்கில்லை என்று ரமாபாய் எழுத்தில் பதில் தந்தார். மனோரமாவுக்கு எந்தச் சமயப் பாடம், எப்போது, யாரால் என்பதிலும் தாய்க்கே முடிவு என்று நின்றார். அவர் ஆண் மாணவருக்குப் பாடம் எடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, இந்தியாவிலிருந்த பிஷப்புகள் குறுக்கிட்டு எதிர்த்தார்கள். அந்த மடத்தின் அன்பு பொய்யானது என்று யாரும் சொல்ல முடியாது. தங்கவைத்தோம், உணவிட்டோம், படிக்கவைத்தோம், ஆகவே கீழ்ப்படிதலை எதிர்பார்க்கலாம் என்று அந்த அன்புக்குள் புகுந்திருந்த எண்ணம்தான் தவறு.

கதை இத்தோடு நின்றிருந்தால் எளிதாக இருந்திருக்கும். ரமாபாய் 1886இல் அமெரிக்கா சென்று, மறு ஆண்டு ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டு, உரைகள் நிகழ்த்தி ஆதரவு திரட்டினார். பாஸ்டனில் அமைந்த சங்கம் பத்தாண்டுக்கு நிதி தர உறுதியளித்தது. 1889 மார்ச்சில் பம்பாயில் கைம்பெண்களுக்கான சாரதா சதன் திறக்கப்பட்டு அடுத்த ஆண்டே புணேக்கு இடம்பெயர்ந்தது. சமயத் திணிப்பு இராது என்ற வாக்குறுதியை நம்பி இந்துச் சீர்திருத்தவாதிகளும் அதன் ஆலோசனைக் குழுவில் இருந்தார்கள். ரமாபாயின் அன்றாட வழிபாட்டில் சில பெண்கள் தாமாக வந்து கலந்துகொள்ளவே, மதமாற்றக் குற்றச்சாட்டு வெடித்தது. திலகரின் 'கேசரி' இதழ் கடுமையாகத் தாக்கியது. 1893இல் அந்தக் குழுவிலிருந்த ரானடே, பண்டார்கர் முதலியோர் விலகினார்கள். பல பெண்களை உறவினர் அழைத்துப் போய்விட்டார்கள். தாம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, வழிபடுவது தமது உரிமை, வருவது அவர்கள் விருப்பம் என்பது ரமாபாயின் நிலை.

வாண்டேஜில் அவர் வைத்த வாதம் இங்கே அவருக்கு எதிராகவே திரும்பியது. கட்டாயம் இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வேறு போக்கிடமில்லாத ஒரு பெண், சோறும் எழுத்தும் தருபவரின் விருப்பத்தை ஊகித்து நடப்பதைக் கட்டாயம் என்றும் சொல்ல முடியாது, முழுச் சுதந்திரம் என்றும் சொல்ல முடியாது. கொடுப்பவர் எவ்வளவு நல்லவராயினும், கொடுக்கும் கை ஒன்றே ஒன்றாக இருக்கும்வரை இந்தச் சிக்கல் தீராது. பொதுப் பணத்திலிருந்து, சட்டப்படி, கேட்டுப் பெறும் உரிமையாக உதவி இருக்கவேண்டும் என்பதற்கு இதுவே வலுவான காரணம். சமயக் கொடை அப்போதும் இருக்கலாம். அதை மறுத்துவிட்டும் படிப்பைத் தொடர முடிகிறபோதுதான் அதை ஏற்பதற்கும் மதிப்பு உண்டு.

ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ட் 1797இல் வெளியிட்ட அறவியல் நூலில் இதற்குத் தொடர்புள்ள ஒரு சிந்தனை இருக்கிறது. செல்வர் கொடுக்க முடிவதே பெரும்பாலும் சிலருக்குச் சாதகமாக அமைந்த அநீதியின் விளைவு என்றால், அந்தக் கொடையைக் கொடை என்று அழைப்பது எந்த அளவுக்குப் பொருந்தும் என்று அவர் கேட்டார். தனிப்பெற்றோர் விஷயத்தில் இதை இன்னும் நேராகக் கேட்கலாம். பிள்ளை வளர்ப்பதன் பயனை நாளைய தொழிலாளி, மருத்துவர், வரி செலுத்துபவர் என்ற வடிவில் எல்லாரும் அனுபவிக்கிறார்கள்; அதன் செலவு ஒருவர் தலையில் விழுகிறது. ஈவா கிட்டே என்ற அமெரிக்க மெய்யியலாளர் 1999இல் எழுதிய நூலின் மையம் இதுதான். பிறரைப் பராமரிப்பவர் அதனாலேயே பிறரைச் சார்ந்து நிற்க நேர்கிறது; பிள்ளை பெற்றவளை ஒருவர் பார்த்துக்கொண்டால்தான் அவள் பிள்ளையைப் பார்க்க முடியும் என்பதுபோல, பராமரிப்பவரைத் தாங்குவது சமூகத்தின் கடமை என்கிறார். அப்படிப் பார்த்தால் இந்த உதவிக்கு இடம் ஒப்புரவு அதிகாரத்தில்.

ஒரு மறுப்பைத் தள்ளிவிட முடியாது. கல்லூரி வாசலை மிதிக்காத துப்புரவுத் தொழிலாளியின் வரிப்பணத்தில், நாளை அவரைவிட அதிகம் சம்பாதிக்கப்போகிறவர் ஏன் படிக்கவேண்டும்? நியாயமான கேள்வி. பட்டத்தால் உயரும் வருமானம் படித்தவருக்கே போகிறது. அதற்கான கட்டணத்தைப் பின்னாளில் அவர் திருப்பிக் கொடுப்பதில் தவறில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் செலவு அந்தக் கணக்கில் சேராது. அது தாயின் முதலீடு அல்ல. அவள் படித்தாலும் படிக்காவிட்டாலும் பிள்ளைக்குச் சேரவேண்டியது. எனவே கட்டணத்துக்குக் கடன், பிள்ளைப் பராமரிப்புக்குத் திருப்பித் தரவேண்டாத மானியம் என்று பிரிப்பதே நேர்மை.

இங்கிலாந்தின் ஏற்பாடு ஓரளவு இப்படித்தான் இருக்கிறது. அங்கே 21 வயதிலோ அதற்குப் பிறகோ இளநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்குவோர் முதிர்வயது மாணவர் எனப்படுகின்றனர். கட்டணமும் வாழ்க்கைச் செலவும் கடனாக வருகின்றன. வருமானம் குறைந்த முழுநேர இளநிலை மாணவருக்குக் குழந்தைப் பராமரிப்புச் செலவில் 85 விழுக்காடு வரை, உச்சவரம்புக்குள், மானியமாகக் கிடைக்கும்; பெற்றோருக்கான தனிக் கல்விப்படியும் உண்டு. இரண்டையும் திருப்பித் தரவேண்டியதில்லை. பகுதிநேரமாகப் படிப்பவருக்கு இந்த மானியம் கிடையாது. பிள்ளை வளர்ப்பவர்களுக்கே பகுதிநேரப் படிப்பு அதிகம் தேவைப்படுவதால் இந்த விலக்குக்கு நியாயம் சொல்வது கடினம்.

மனச்சான்றுக்கு விலை கேட்கும் பழக்கம் அரசையும் விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்தின் மாணவர் கடனுக்கு வட்டி உண்டு. வட்டியை ஹராம் எனக் கருதும் முஸ்லிம் தாய் அதை வாங்கத் தயங்குவார். ஆனால் யூனிவர்சல் கிரெடிட் என்ற குடும்ப உதவித்தொகையைக் கணக்கிடும்போது, அவர் பெற்றிருக்கக்கூடிய வாழ்க்கைச் செலவுக் கடன், வாங்காவிட்டாலும் வருமானமாகவே கொள்ளப்படுகிறது. வட்டியில்லா மாற்று நிதிக்கு 2017ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டம் வழி திறந்தது. அதற்குப் பின் பல கல்வியாண்டுகள் அந்தத் திட்டம் இல்லாமலே கடந்தன. ரமாபாய் கன்னியரிடம் மறுத்த அதே விலையை இந்தத் தாயிடம் ஒரு விண்ணப்பப் படிவம் கேட்கிறது. அந்த மாற்று நிதி நடைமுறைக்கு வரும்வரை, வாங்காத கடனை வருமானமாகக் கணக்கிடும் விதியையாவது நீக்கவேண்டும்.