வரி கேட்கும் தகுதி

மதுரை மாநகராட்சியின் சொத்து வரி முறைகேட்டை ஊழல் செய்திகளில் இன்னொன்று என்று படித்துவிட்டுக் கடந்துபோக முடியவில்லை. அதிகாரிகளின் கடவுச்சொற்களைப் பயன்படுத்தி, பெரிய வணிகக் கட்டடங்களுக்கான வரியைக் கணினியில் குறைத்துப் பதிந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி சிறப்புப் புலனாய்வுக் குழு அமைந்தது. 2025 ஜூலையில் மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள். அக்டோபரில் மேயரும் விலகினார். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நெஞ்சை உறுத்துவது இது நடந்ததாகச் சொல்லப்படும் காலம். 2022 ஏப்ரலில்தான் தமிழகத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்து வரியை 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தினார்கள். சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்கும் குறைவான வீட்டுக்குக்கூட 50 சதவீத உயர்வு. வேறு வருமானம் இல்லை, உள்ளாட்சிகள் நொடித்துப்போகும் என்று அரசு காரணம் சொன்னது. சிறு வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். அதே ஆண்டுகளில்தான் மதுரையில் பெரிய கட்டடங்களின் வரி குறைந்துகொண்டிருந்தது என்கிறது வழக்கு. வாங்கிய பணத்தைக் காக்கத் தவறிய அரசு, குடிமக்களிடம் மேலும் கேட்பது அறமாகுமா? ஆகாது. வரியைக் குறைப்பதும், தன் வேலைகளைத் தானே சுருக்கிக்கொள்வதும்தான் அத்தகைய அரசு செய்யத்தக்கது.

இது இன்று புதிதாகக் கிளம்பிய வாதம் அன்று. இறைமாட்சி அதிகாரத்தில் வள்ளுவர் அரசின் கடமைகளை அடுக்கும்போது, ஈட்டுவதற்கும் வகுத்துக் கொடுப்பதற்கும் நடுவில் காத்தலை வைக்கிறார். காக்காதவன் வகுத்துக் கொடுக்கும் தகுதியையும் இழக்கிறான் என்பது அந்த வரிசையிலேயே அடங்கியிருக்கிறது. கொடுங்கோன்மை அதிகாரத்தில் அவர் இன்னும் கடுமையாகப் பேசுகிறார்: கோல் ஏந்தியவன் குடிகளிடம் பொருள் கேட்பதை, வேலோடு வழிமறிப்பவன் கேட்பதற்கு ஒப்பிடுகிறார். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்ன அறிவுரை புறநானூற்றின் 184ஆம் பாடல். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே வயலில் புகுந்தால் அதன் வாய்க்குள் போவதைவிடக் காலடியில் அழிவதே மிகுதி என்பது அதன் சாரம். அதே தொகையின் 75ஆம் பாடலில் சோழன் நலங்கிள்ளி, பதவி கிடைத்தது என்பதற்காகக் குடிகளிடம் வரி வேண்டி நிற்பவனைச் சிறியவன் என்கிறான். இது அரசனே அரசர்களைப் பற்றிச் சொன்னது. முதலாம் குலோத்துங்கனுக்கு எத்தனையோ வெற்றிகள் உண்டு. மக்கள் நினைவில் நிலைத்த பெயரோ சுங்கம் தவிர்த்த சோழன் என்பது.

பழம்பாட்டை வைத்து இன்றைய நிதிநிலையை நடத்த முடியுமா என்று கேட்கலாம். இன்றைய கணக்கையே பார்ப்போம். 2017 ஜூனில் நிலங்களின் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். அந்த இழப்பை ஈடுகட்டப் பத்திரப் பதிவுக் கட்டணத்தை ஒரு சதவீதத்திலிருந்து நான்காக உயர்த்தினார்கள். 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பு பழைய நிலைக்கே திரும்பியது. இழப்பு இல்லையென்றால் ஈடும் இருக்கக் கூடாது. கட்டணம் பழையபடி ஒரு சதவீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். இரண்டில் வந்து நின்றது. 50 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டை வாங்குபவர் பதிவுக் கட்டணமாக முன்பு 50,000 கட்டியிருப்பார். பிறகு ஒரு லட்சம். முத்திரைத் தீர்வை ஏழு சதவீதம் தனி. குறைத்தோம் என்ற அறிவிப்போடு வரி இரட்டிப்பான கதை இது. எந்தக் கட்சி ஆண்டாலும் இப்படித்தான் நடக்கிறது, ஏனென்றால் ஒரு முறை கைக்கு வந்த வருவாய்க்கு அதற்குள் ஒரு செலவு முளைத்துவிடுகிறது. சொத்து வரியை ஆண்டுக்கு ஆறு சதவீதமாவது உயர்த்தும் விதியும் அப்படிப்பட்டது. அது தடையின்றி நடந்தால் பன்னிரண்டு ஆண்டுகளில் வரி இரு மடங்காகும். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு முதிய தம்பதியின் வருமானம் அப்படி வளருமா? வீடு விற்கப்படவில்லை, வாடகைக்கும் விடப்படவில்லை. குடியிருக்கும் கூரைக்கே ஆண்டுக்காண்டு கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

வரி உயர்ந்ததால் கடனாவது தீர்ந்ததா? 2021 ஆகஸ்டில் தமிழக அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் அரசுக் கடன் இருப்பதாகச் சொன்னது. அதன்பின் சொத்து வரி, மின் கட்டணம், வாகன வரி எல்லாம் ஏறின. ஆனாலும் 2026 மார்ச் இறுதியில் மொத்தக் கடன் ஒன்பது லட்சம் கோடியைத் தாண்டும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையே மதிப்பிட்டது. வருவாயைக் கூட்டுவது செலவுக்குக் கடிவாளம் ஆகவில்லை. அரசு கையில் வைத்திருக்க வேண்டாத வேலைகளும் எத்தனையோ. எல்லாவற்றிலும் கொடியது மதுக்கடை. 2003இல் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் தன் கைக்குள் கொண்டுவந்தது. 2023-24இல் அதன் வழியாக அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். கூலித் தொழிலாளியின் அன்றாடச் சம்பளத்திலிருந்து எடுத்த பணம் இது. வரி பாட்டிலின் விலைக்குள் மறைந்திருப்பதாலேயே இதைச் சுமையென்று நாம் எண்ணுவதில்லை. வரம்பறிந்த அரசு கடை விரித்துச் சாராயம் விற்காது.

வரி இல்லாமல் காலை உணவுத் திட்டம் எப்படி, அரசு மருத்துவமனை எப்படி, ரேஷன் அரிசி எப்படி என்ற கேள்வி நியாயமானது. பள்ளிக் குழந்தையின் தட்டில் யாரும் கை வைக்கச் சொல்லவில்லை. அதற்கு ஆகும் செலவு மொத்தத்தில் சிறிய பங்கு. மகளிர் உரிமைத் தொகையையும் எதிர்க்க வேண்டியதில்லை. ஒப்பந்ததாரர், தரகர், கமிஷன் எதுவும் நடுவில் இல்லாமல் பெண்ணின் கணக்கில் நேரே போய்ச் சேரும் ஆயிரம் ரூபாயைப் போலக் குறைந்த அதிகாரத்தோடு நடக்கும் அரசுச் செலவு வேறு இருக்குமா?

டெல்லி நம்மிடம் வாங்குவது அதிகம், தருவது குறைவு, அதனால்தான் மாநிலம் வரியைக் கூட்ட நேர்கிறது என்பதே வலுவான மறுப்பு. பதினைந்தாவது நிதிக்குழுவின் பகிர்வில் தமிழகத்தின் பங்கு 4.079 சதவீதமாகத்தான் இருந்தது. ஜிஎஸ்டி வந்தபின் மாநிலம் தானே விகிதம் வைக்கக்கூடிய வரிகளும் விரல்விட்டு எண்ணத்தக்கவை. சொத்து வரியை உயர்த்தினால்தான் நகர்ப்புற மானியம் என்று நிபந்தனை வந்ததும் மத்தியிலிருந்துதான். இந்த மனக்குறை முழுக்க நியாயமே. ஆனால் டெல்லி இழைக்கும் அநீதிக்குச் சென்னை தேடும் பரிகாரத்தை மதுரை வீட்டுக்காரர் ஏன் கட்ட வேண்டும்? அவர் டெல்லிக்கும் ஏற்கெனவே கட்டியவர். வரம்பை மீறாதே என்று மத்திய அரசிடம் சொல்லும் மாநிலம், அந்த வரம்பைத் தனக்கும் வைத்துக்கொண்டால்தான் அதன் குரலுக்கு வலு இருக்கும்.

ராஜாஜியை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ஆட்சிக்கு எதிராக 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியவர் அவர். அதே ராஜாஜிதான் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது 1939இல் விற்பனை வரியையும் கொண்டுவந்தார். முரண் என்று இதைக் காட்டுவோர் காரணத்தையும் பார்க்க வேண்டும். 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியதால் இழந்த கள், சாராய வருமானத்துக்கு ஈடாகவே அந்த வரி வந்தது. என்ன விடுகிறோம், எதற்காக எடுக்கிறோம் என்பதை மக்கள் முன் வைத்துவிட்டுக் கேட்ட வரி. இன்று மதுவும் இருக்கிறது, விற்பனை வரியின் வாரிசான ஜிஎஸ்டியும் இருக்கிறது.

செய்ய வேண்டியவை எளியவை. பதிவுக் கட்டணம் ஒரு சதவீதத்துக்குத் திரும்ப வேண்டும். ஆறு சதவீத விதி நீங்க வேண்டும்; உயர்த்த விரும்பும் மன்றம் ஒவ்வொரு முறையும் வாக்கெடுத்து, கைதூக்கிய உறுப்பினர்களின் பெயரைப் பதிவு செய்யட்டும். ஒவ்வொரு வார்டிலும் வணிகக் கட்டடங்களின் பரப்பளவும் அரையாண்டு வரியும் எழுதிய பட்டியல் பொதுவில் ஒட்டப்பட வேண்டும். பக்கத்துக் கடைக்காரரை மீறி எந்தக் கடவுச்சொல்லும் வேலை செய்யாது. மதுரையில் குறைத்துக் காட்டியதாகச் சொல்லப்படும் வரி வசூலாகி வரும்போது, அந்தத் தொகை புதிய செலவுக்குப் போகாமல் 600 சதுர அடிக்கும் குறைவான வீடுகளின் வரியைக் குறைக்கவே பயன்படும் என்று மாநகராட்சி மன்றம் இப்போதே தீர்மானம் போடட்டும்.