கடைசிப் பந்தி

எழுத்தாளன் என்று ஒருவனுக்குக் கொஞ்சம் பெயர் வந்துவிட்டால், அவனுக்குத் தெரியாத விஷயங்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைப்புகள் வர ஆரம்பித்துவிடுகின்றன. கல்லூரிப் படிப்பைப் பாதி வழியில் விட்டுவிட்டுக் கதை எழுத வந்தவன் நான். ஆகார சாஸ்திரத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தமெல்லாம் வேளா வேளைக்குச் சாப்பிடுகிறவன் என்பதுதான். இருந்தும், சென்ற செப்டம்பரில், தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரமாக இருக்கும் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்த ஊட்டச்சத்து விழாவுக்குத் தலைமை தாங்க என்னை அழைத்தார்கள். என் சொந்த ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி இருக்கிற பள்ளிக்கூடம். மறுக்க மனம் வரவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். நீளமான பெஞ்சியின் மேல் முருங்கைக்கீரை, கேப்பை, கம்பு, உளுந்து, உடன்குடிக் கருப்பட்டி, நெல்லிக்காய், அவித்த முட்டை, நெத்திலிக் கருவாடு எல்லாம் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெண் நின்று விளக்கம் சொன்னாள். கீரையில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எளிதில் வாங்கிக்கொள்ளாது. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் வாங்கிக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது வருகிற சத்தையும் தடுத்துவிடும். மீனில் உள்ள இரும்பு கீரையில் உள்ளதைவிடச் சுலபமாக ரத்தத்தில் சேரும். இவ்வளவையும் பதினான்கு வயதுப் பெண்கள் தடுமாறாமல் சொன்னதைக் கேட்டு, இந்த வயதில் எனக்கு என்ன தெரிந்திருந்தது என்று நினைத்து வெட்கப்பட்டேன்.

சுவரில் ஓர் அட்டை தொங்கிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வகுத்த கணக்கு அது. பதிமூன்றிலிருந்து பதினைந்து வயது வரை, ஆண் பிள்ளைக்கு நாள் ஒன்றுக்கு 22 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும். பெண் பிள்ளைக்கு 30 மில்லிகிராம் வேண்டும். வளர்த்தியும் மாதவிலக்கும் சேர்ந்து வருகிற வயதல்லவா? நான் அந்த அட்டையின் முன் சற்று அதிக நேரம் நின்றுவிட்டேன். பெண்ணுக்கு அதிகம் வேண்டும் என்று என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

என் பிரசங்கம் முடிந்ததும், "யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம்" என்றார் ஆசிரியை. முட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெண் எழுந்தாள். அவள் தாயார் உப்பளத்தில் வேலை செய்கிறவள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"சார், எங்க வீட்ல மீன் துண்ட எண்ணித்தான் போடுவாங்க. நான் ஒண்ணு கூட வேணும்னு கேட்டா, அம்மா அவங்க துண்டத்தான் எடுத்து வப்பாங்க. அப்போ அம்மாவுக்கு என்ன சார்?"

ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் ஆசிரியையைப் பார்த்தேன். "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டுப் பரிசு கொடுக்கப் போய்விட்டேன். பதில் தெரியாதபோது பெரிய மனிதர்கள் கையாளுகிற உபாயம் அதுதான்.

ஆனால் கேள்வி என்னை விடவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் என் அக்காவின் ஞாபகம் வந்தது.

எங்கள் வீட்டிலும் மீன் துண்டு எண்ணித்தான் விழும். நல்ல மீன் கரையிலேயே ஏலத்துக்குப் போய்விடும். வீட்டுக்கு வருவது சாளையோ, என்றைக்காவது ஒரு பாறையோதான். பாறை வந்தால் நடுத்துண்டு அப்பாவுக்கு, அடுத்தது எனக்கு. அக்காவுக்கு வால் துண்டும் குழம்பும். அம்மாவுக்குச் சட்டியில் ஒட்டியிருப்பது. "கடலுக்குப் போகிற உடம்பு" என்பாள் அம்மா. அப்பாவைப் பொறுத்தவரை அது நியாயந்தான். ஆனால் நான் எந்தக் கடலுக்குப் போனேன்? கோலி விளையாடத்தான் போனேன். அக்காவோ விடிவதற்கு முன்னே எழுந்து இரண்டு குடம் தண்ணீர் சுமந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள்.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். அக்கா பெரியவளானபோது அவளுக்கு உளுந்தங்களி கிண்டிக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றிக் கொடுத்தார்கள். பச்சை முட்டையை உடைத்து வாயில் விட்டார்கள். அந்தப் பதினாறு நாளும் வீட்டில் முதல் சாப்பாடு அவளுக்குத்தான். பெண்ணின் உடம்புக்கு அந்த வயதில் என்ன வேண்டும் என்பது எங்கள் கரையில் எந்தக் கிழவிக்கும் தெரியும். ஆனால் அதைச் சடங்காகக் கொடுத்தார்கள். சடங்கு முடிந்ததும் அக்கா மறுபடியும் அடுப்படி மூலைக்குப் போனாள்.

தலைப் பிரசவத்தின்போது அவளுக்கு ரத்தம் மிகவும் குறைவாக இருந்தது. பதினொன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் ஏழு என்றார்கள். என் ரத்தம் பொருந்தியது, கொடுத்தேன். "தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று உறவினர்கள் மெச்சிக்கொண்டார்கள். எனக்கோ பழைய பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டியது போல் இருந்தது.

இந்தக் கதை என் வீட்டோடு நிற்கவில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பதினைந்திலிருந்து பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் நூற்றுக்கு 31 பேருக்கு. இந்த வித்தியாசம் முழுவதும் தட்டில் விழுந்த வித்தியாசம் என்று நான் சொல்லமாட்டேன்; பெண் உடம்பின் செலவும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆனால் செலவு அதிகமான இடத்தில் வரவும் அதிகமாக இருக்க வேண்டும் என்பதை மளிகைக் கடைக்காரன்கூட அறிவான்.

அப்படியானால் அந்தப் பெண்ணுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது தர்மந்தானா? என் நண்பர் ஒருவர், "சட்டியில் இல்லாததைப் பற்றிப் பாடம் நடத்துவது கொடுமை. முதலில் வருமானத்தைக் கூட்டுங்கள்" என்கிறார். அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் மீன் நிறையப் பட்ட நாட்களிலும் எங்கள் வீட்டில் வரிசை மாறியதில்லை. எனக்கு இரண்டு துண்டு விழுந்தது. அக்கா அப்போதும் கடைசியில்தான் உட்கார்ந்தாள். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்ற பழமொழி ஆண்களுக்காகச் செய்தது. பெண்களுக்குப் பந்தியில் பிந்தும்படியும் வேலையில் முந்தும்படியும் நாம் திருப்பிக் கொடுத்திருக்கிறோம்.

அந்தப் பெண்ணின் கேள்வியில் உள்ள முடிச்சை இப்போது பாருங்கள். அவளுக்குப் பாடம் நன்றாகத் தெரியும். தனக்கு ஒரு துண்டு வேண்டும் என்பதும் தெரியும். தான் வாய் திறந்தால் அந்தத் துண்டு யார் தட்டிலிருந்து வரும் என்பதும் தெரியும். அப்பா தட்டிலிருந்து வராது. அண்ணன் தட்டிலிருந்தும் வராது. நாள் முழுவதும் உப்பில் நின்றுவிட்டு வந்த தாயின் தட்டிலிருந்துதான் வரும். அவளுடைய மௌனத்தை அறியாமை என்று நினைத்துத்தான் நாம் பாடம் நடத்துகிறோம். அது அன்பு. "நன்றாகச் சாப்பிடு" என்று அவளுக்கு மட்டும் போதிக்கும்போது, மகளைத் தாயோடு பங்குக்கு நிறுத்துகிறோம். சத்துக் குறைந்து மயங்கி விழுந்தாலோ, "அத்தனை சொல்லியும் சாப்பிடவில்லை" என்று பழியும் அவள் தலையில் விழும்.

அதற்காக அவளுக்குச் சொல்லாமல் இருக்கவும் கூடாது. தலை சுற்றுவதும் படி ஏறினால் மூச்சு வாங்குவதும் பெண் பிறப்பின் சுபாவம் என்று என் அக்கா நம்பியிருந்தாள். அது குறை, தீர்க்கக்கூடிய குறை என்று அறிந்துகொள்வது பெரிய லாபம். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை கொடுக்கிற நீல நிற இரும்பு மாத்திரையை வயிறு குமட்டுகிறது என்று ஜன்னல் வழியாக எறிகிற பெண்ணுக்கு, சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டால் குமட்டல் குறையும் என்று சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் வகுப்பில் பாதிப் பேர் இல்லை. அன்று கண்காட்சி நடந்தபோது பையன்கள் மைதானத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். "இது பெண்களுக்கான நிகழ்ச்சி" என்று சொல்லி அவர்களை வெளியே அனுப்பியிருந்தார்கள். 22-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள் அல்லவா?

இதே மாவட்டத்தைச் சேர்ந்த எட்டயபுரத்தில்தான் 1956-இல் காமராஜர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதை விரிவாக்கினார். பிறகு முட்டை சேர்ந்தது. 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்திருக்கிறது. இவற்றின் பெருமை எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. அந்த வரிசையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கரண்டி. ஒரு பெண் தன் முட்டையைச் சாப்பிட்டால் யாருடைய முட்டையும் குறையாது. மனச்சாட்சி குத்தாமல் அவள் சாப்பிடக்கூடிய இடம் அது. அந்தக் கரண்டியின் நியாயம் ராத்திரி வீட்டு அடுப்படிவரை வரவில்லை என்பதுதான் குறை.

எங்கள் கரையில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. அந்தக் காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள். மூச்சடக்கி அடியில் இறங்குகிறவன், மேலே கயிறு பிடிக்கும் வேலையை மனைவியின் உடன்பிறந்தானிடம் கொடுப்பானாம். தன் சகோதரி தாலி இழக்கச் சம்மதிக்கமாட்டான், கை அசந்துபோகமாட்டான் என்ற நம்பிக்கை. சகோதரனின் பாசத்தை உயிருக்கே ஈடாக வைத்த கரை இது. அந்தச் சகோதரன் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்ததும் கயிற்றை விட்டுவிடுகிறான். நானும் விட்டவன்தான்.

விழா முடிந்த மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். விளமீன் குழம்பு. எனக்கு நடுத்துண்டை வைத்தாள். அவள் மகனுக்கு அடுத்தது. மகள் அடுப்படி வாசலில் நின்று அப்பளம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து, "இன்று நான் பரிமாறுகிறேன், நீங்கள் இரண்டு பேரும் உட்காருங்கள்" என்றேன். அக்கா சிரித்தாள். பிறகு கோபித்துக்கொண்டாள். "ஏன் தம்பி, குழம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். கடைசியில் உட்கார்ந்தாள். உடன்பிறந்தவன் நின்றுகொண்டிருக்கத் தான் சாப்பிடுவது அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. எனக்கும் பரிமாறத் தெரியவில்லை. ஒரு துண்டு உடைந்து குழம்பில் விழுந்தது. மருமகன் மட்டும் தன் தட்டையும் தங்கை தட்டையும் மாறி மாறிப் பார்த்தான். துண்டுகளை எண்ணுகிறான் என்று தெரிந்தது. எண்ணட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அடுத்த ஆண்டும் என்னை அழைத்தால் வருகிறேன். ஆனால் பையன்களையும் உள்ளே உட்கார வைக்க வேண்டும். அந்தப் பெண் மறுபடியும் அதே கேள்வியை அவர்கள் முன்னால் கேட்க வேண்டும். பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.