பெறுநர்: அம்மா

பள்ளியில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தபோது முதலில் அனுப்புநர், அதன் கீழே பெறுநர் என்று எழுதவைத்தார்கள். அனுப்புநரிடம் சேதி இருக்கும். பெறுநரிடம் இருப்பதெல்லாம் ஒரு முகவரி. வில்ஃபிரட் ஓவனின் கடிதங்களைப் படித்த நாட்களில் இந்த இரண்டு சொற்களும் என்னை விடவில்லை.

முதல் உலகப்போரின் ஆங்கிலக் கவிஞர்களில் முக்கியமானவன் ஓவன். மான்செஸ்டர் படைப்பிரிவில் இளநிலை அதிகாரி. 1918 நவம்பர் 4 அன்று, வட பிரான்ஸில் ஓர்ஸ் என்ற ஊருக்கருகே கால்வாயைக் கடக்கும் முயற்சியில் கொல்லப்பட்டபோது வயது 25. நமக்குக் கிடைத்திருக்கும் கடிதங்களில் 500க்கும் மேற்பட்டவை அம்மா சூசனுக்கு எழுதியவை. 1967இல் அவை நூலாக வந்தன. அதில் இருப்பது மகனின் குரல் மட்டும். சூசனின் பதில்கள் இல்லை. வீட்டிலிருந்து வந்த பொருளுக்கு அவன் நன்றி சொல்லும் இடத்தில்தான், அதைக் கட்டி அனுப்பிய ஒருத்தி இருந்தார் என்பதே தெரிகிறது.

1917 ஜனவரியில், எதிரெதிர் பதுங்குகுழிகளுக்கு இடைப்பட்ட நிலத்தில், நீர் தேங்கிய ஒரு குழிக்குள் தன் ஆட்களோடு ஓவன் ஐம்பது மணி நேரம் அடைபட்டிருந்தான். வெளியே வந்ததும் அம்மாவுக்கு எழுதினான். உங்களை ஏமாற்ற நியாயமில்லை என்ற பொருளில் தொடங்கி, தான் பட்டதை அப்படியே சொன்னான். அந்தக் கடிதத்துக்காக எனக்கு அவன்மேல் பெரிய மரியாதை.

1918 அக்டோபர் தொடக்கத்தில் எழுதியது வேறு மாதிரி. கடும் சண்டை முடிந்திருக்கிறது. துப்பாக்கியால் சுட்டது ஒரே ஒருவனைத்தான், மற்றவர்களைப் புன்னகையாலேயே பிடித்துவிட்டேன் என்கிறான். அதே சண்டைக்காகத் தரப்பட்ட இராணுவச் சிலுவை விருதின் மூலக் குறிப்போ, கைப்பற்றிய இயந்திரத் துப்பாக்கியை அவனே இயக்கி எதிரிக்குக் கணிசமான உயிரிழப்பை ஏற்படுத்தினான் என்கிறது. 1967 நூலில் அச்சான குறிப்பில் அந்த உயிரிழப்பு இல்லை. கைதிகளைப் பிடித்தான் என்று இருக்கிறது. நூலின் பதிப்பாசிரியர்களில் ஒருவர் தம்பி ஹரால்ட். கடிதங்களில் சில வரிகளை மையால் அழித்தவரும் அவரே.

அம்மாவிடம் இப்படி மறைப்பதை நாம் அன்பு என்கிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சில வருடங்களுக்கு முன் எனக்குக் கரு கலைந்தது. பத்து நாள் அம்மாவிடம் சொல்லவில்லை. தினமும் போனில், "நல்லாதாம்மா இருக்கேன், சாப்பிட்டியா?" பிறகு யார் மூலமாகவோ தெரிந்து பஸ் ஏறி வந்துவிட்டார். நீ தாங்கமாட்டேன்னுதான் சொல்லலைம்மா என்றேன். "தாங்கமாட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்டியாடி? எனக்கு உனக்கு முன்னாடி ரெண்டு போயிருக்கு, தெரியுமா?" என்றார். தெரியாது. முப்பத்து மூன்று வயதுவரை தெரியாது. நான் வாயைத் திறக்காதவரை அவர் அதைச் சொல்ல வழியே இருந்திருக்காது.

அதற்குப் பிறகு அந்த அக்டோபர் கடிதத்தை வேறு விதமாகப் படிக்கிறேன். பாதுகாக்கப்பட்டது யார்? கொன்றவர்களின் எண்ணிக்கை தெரியாமல் ஒருவராவது தன்னைப் பார்க்கவேண்டும் என்பது அவனுடைய தேவை. 25 வயதுப் பையனிடம் அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதை அம்மாவின் பலவீனத்தின் பெயரில் எழுதிவைப்பதை ஏற்கவும் முடியவில்லை. சூசன் ஒன்றும் அறியாப் பெண் இல்லை. இருக்கும் இடத்தை வீட்டுக்கு எழுதக் கூடாது என்பது இராணுவ விதி. அம்மாவும் மகனும் அதற்கு ஒரு சங்கேதம் வைத்திருந்தார்கள். மிஸில்டோ என்ற செடியின் பெயர் கடிதத்தில் வந்தால், தொடர்ந்து வரும் வரிகளுக்குள் ஊர்ப் பெயர் எழுத்தெழுத்தாக ஒளிந்திருக்கும். படையின் இரகசியத்தை நம்பி ஒப்படைக்கலாம், மகன் செய்த கொலைகளைச் சொல்லக் கூடாது என்றால் அது என்ன கணக்கு?

சொல்லியிருந்தால் அவரும் ஏதாவது சொல்லியிருப்பார். கண்டித்திருக்கலாம், பைபிளைத் திறந்திருக்கலாம், பக்தியான பெண்மணி. அல்லது அவனோடு சேர்ந்து அந்தச் சுமையின் ஒரு முனையைப் பிடித்திருக்கலாம். அந்த வாய்ப்பைத்தான் 'அம்மா பாவம்' என்ற சொல் எடுத்துவிடுகிறது. போருக்குப் பிள்ளையைக் கொடுக்கும்போது மட்டும் தாய்க்கு இரும்பு நெஞ்சு வேண்டும் என்பார்கள்; அந்தப் பிள்ளை அங்கே என்ன செய்தான் என்று கேட்டால் அதே நெஞ்சு மெழுகாகிவிடும்.

அக்டோபர் 31ஆம் தேதிக் கடிதம்தான் கடைசி. ஒரு வீட்டின் நிலவறையிலிருந்து எழுதினான். புகை, சிரிப்பு, பக்கத்தில் ஒருவர் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருக்கிறார். இங்கே ஆபத்து இல்லை, இருந்தாலும் இதை நீங்கள் படிப்பதற்குள் முடிந்திருக்கும் என்கிறான். நான்கு நாளில் இறந்தான். தந்தி ஷ்ரூஸ்பரி வீட்டுக்கு வந்தது நவம்பர் 11 அன்று, போர் முடிந்ததென்று மணிகள் ஒலித்துக்கொண்டிருந்த நேரத்தில்.

சூசன் எழுதிய கடிதம் ஒன்றை நாம் படிக்க முடிகிறது. அது 1920இல் தாகூருக்கு எழுதியது. கடைசியாக விடைபெற்றபோது மகன் சொன்ன கவிதை வரி, பிறகு திரும்பி வந்த அவன் குறிப்பேட்டிலும் தாகூரின் பெயரோடு எழுதியிருந்ததாம். அந்தக் கவிதை முழுதாக எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்.