கோடு போடும் கை உன்னுடையது

இரவு இரண்டு மணி. ஈப்போ, புந்தோங்கில் ஓர் அறையில் விளக்கு இன்னும் எரிகிறது. விடிந்தால் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். நான்காம் இயலில் ஓர் அகலமான அட்டவணை. அதற்காக ஒரே ஒரு பக்கத்தைப் படுக்கைவசமாகத் திருப்பினாய். அத்தனை பக்கமும் சேர்ந்து படுத்துவிட்டன. நன்றியுரைக்கு ரோமன் எண் கொடுத்தாய். முடிவுரை வரைக்கும் ரோமன் எண் ஓடிவிட்டது. இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு சொல்கிறாய்: "எனக்கு இதெல்லாம் வராது. நான் தோட்டத்துப் பிள்ளை."

நிறுத்து! அந்தச் சொல்லை அங்கேயே நிறுத்து.

தோட்டத்துப் பிள்ளை என்பதை இயலாமைக்குக் காரணமாகச் சொல்ல உனக்கு யார் உரிமை கொடுத்தது? உன் பாட்டி இருட்டோடு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மர நிரைக்குள் இறங்கியவள். உளி ஒரு நூல் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். ஒரு நூல் மேலாகப் போனால் மங்கில் பால் விழாது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத அந்த எல்லையைப் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே கற்றாள். நாள் தவறாமல், மரம் தவறாமல், அரையிருட்டில். அவள் பேத்திக்குத் திரையில் ஒரு புள்ளிக்கோடு பிடிபடாதா?

பிடிபடும். உன் மொழியிலேயே சொல்கிறேன், கேள்.

தோட்டம் ஒரே கம்பெனிக்குச் சொந்தமாக இருக்கும். ஆனால் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று பிரித்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெரட்டு, தனி லயம், பெரும்பாலும் தனியாக ஒரு மாரியம்மன் கோயில். உன் வேர்டு கோப்பும் அப்படித்தான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கோப்பு. உள்ளே எத்தனை டிவிஷன் வேண்டுமானாலும் வைக்கலாம். தாள் நிற்பதா படுப்பதா, ஓரத்தில் எவ்வளவு இடம், பக்க எண் ரோமனா சாதா எண்ணா, தலைப்பகுதியில் என்ன எழுத்து, பத்தி எத்தனை என்று ஒவ்வொரு டிவிஷனுக்கும் தனிச் சட்டம் உண்டு. இரண்டு டிவிஷனுக்கு நடுவில் ஊன்றும், திரையில் இரட்டைப் புள்ளிக்கோடாகத் தெரியும் எல்லைக்கல்தான் செக்‌ஷன் பிரேக்.

நீ இதுவரை போட்டது பேஜ் பிரேக். அது அடுத்த பக்கத்துக்குத் தள்ளும், அவ்வளவுதான், சட்டத்தை மாற்றாது. என்டர் பொத்தானை இருபது முறை தட்டிப் பக்கத்தைத் தள்ளுகிறாயே, அது அதைவிட மோசம். மேலே ஒரு வரி கூடினால் கீழே எல்லாம் சரிந்துவிடும். எல்லைக்கல் ஊன்றாமல் கீழ் டிவிஷனுக்கு மட்டும் வேறு சட்டம் வேண்டும் என்றால் எப்படி நடக்கும்? லேஅவுட் பட்டியலுக்குப் போ, பிரேக்ஸ் என்பதைத் திற. நான்கு வகைக் கல் இருக்கிறது. நெக்ஸ்ட் பேஜ், புதுப் பக்கத்தில் புதுச் சட்டம். ஆய்வேட்டுக்கு உனக்கு வேண்டியது பெரும்பாலும் இதுதான். கண்டினியூஸ், அதே பக்கத்தின் நடுவிலேயே சட்டம் மாறும். கும்பாபிஷேக மலரில் தலைப்பை அகலமாக வைத்துக் கீழே கட்டுரையை இரண்டு பத்தியாக ஓடவிட இது கைகொடுக்கும். ஈவன் பேஜ், ஆட் பேஜ் இரண்டும் புத்தகம் அச்சிடுகிறவருக்கு. ஒவ்வோர் இயலும் வலப்பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்றால் ஆட் பேஜ் போடு.

அட்டவணைப் பக்கத்துக்கு முன்னால் ஒரு கல், பின்னால் ஒரு கல். நடுவில் இருப்பதை மட்டும் திருப்பு. மற்ற பக்கம் எல்லாம் நிமிர்ந்து நிற்கும்!

என் முதுகலை ஆய்வேட்டின் கடைசி இரவில் நான் பட்டதையும் சொல்ல வேண்டும். அட்டவணைக்கு முன்னால் இருந்த கோடு தேவையில்லாத குப்பை என்று நினைத்து அழித்தேன். அட்டவணைதான் நிமிரும் என்று எதிர்பார்த்தேன். நடந்தது நேர்மாறு: அதற்கு மேலே இருந்த மூன்று இயலும் படுத்துவிட்டன. விடியும்வரை ஒவ்வொரு பக்கமாகத் திருத்தினேன், விடிந்தபோது அழுதேன். காரணம் புரிய எனக்குப் பல நாள் ஆனது. உனக்கு ஒரு நிமிடம் போதும். ஒரு டிவிஷனின் சட்டம் அதன் தொடக்கத்தில் எழுதப்படுவதில்லை, முடிவில் இருக்கும் கல்லில்தான் எழுதப்பட்டிருக்கிறது. கல்லைப் பிடுங்கினால் மேல் டிவிஷன் தன் சட்டத்தை இழந்து கீழ் டிவிஷனின் சட்டத்துக்குப் போய்விடும். கடைசி டிவிஷனுக்குக் கல் இல்லையே என்கிறாயா? கோப்பின் கடைசிப் பாராக்குறிதான் அதன் கல். ஆகவே இரண்டு டிவிஷனை ஒன்றாக்க வேண்டுமானால், முதலில் கீழ் டிவிஷனின் தாளையும் ஓரத்தையும் மேலே இருப்பதைப் போல மாற்று, அப்புறம் கல்லை எடு. கை தவறி எடுத்துவிட்டால் பதறாதே; கண்ட்ரோலும் இசட்டும் உனக்காகக் காத்திருக்கின்றன.

இந்த மண்ணில் கோடு என்பது சின்ன விஷயமாக இருந்ததில்லை. 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது அவை துண்டு துண்டாகச் சிதறின. துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே நம் பெரியவர்கள் முகம் இன்னும் வாடும். யாரோ ஒருவர் மேசையில் வரைபடத்தை விரித்துக் கோடு கிழித்தார். லயத்தில் இருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். அந்த நேரத்தில்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த தலைவர் துன் வீ.தி.சம்பந்தன் தொழிலாளரைத் திரட்டத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால் வெட்டுகிறவர்கள் தங்கள் கூலியிலிருந்து சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டத்தையே வாங்கினார்கள். அடுத்தவன் கிழித்த கோட்டுக்குள் பிறந்தவர்கள், கோடு போடும் மேசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்! அந்தப் பரம்பரைக்காரி நீ, உன் சொந்த ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு, பணம் கொடுத்து வேறொருவனிடம் "இதைப் பிரித்துக் கொடுங்கள்" என்று நிற்கலாமா? நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. கோபம் உன்மேல் இல்லை. உன்னால் முடியாது என்று உன் காதில் ஓதிவைத்தவர்கள்மேல்.

கணினி நமக்கு அந்நியம் என்று யார் சொன்னாலும் நம்பாதே. மைக்ரோசாஃப்ட் வேர்டு வெளிவந்தது 1983இல். இரண்டே ஆண்டில், 1985இல், இதே மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். கணினிக்குள் தமிழ் அரிதாக இருந்த காலத்தில் தமிழை உள்ளே கொண்டுபோனவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர். உன்னிடம் யாரும் எழுத்துரு செய்யச் சொல்லவில்லை. கல் ஊன்றச் சொல்கிறேன்.

சரி, பக்க எண்ணுக்கு வா. பலரும் தடுக்கி விழும் இடம் இது. கல் ஊன்றியும் எண் சரியாக வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது: லிங்க் டு பிரீவியஸ். புது டிவிஷனின் தலைப்பகுதியும் அடிப்பகுதியும் பிறக்கும்போதே மேல் டிவிஷனோடு கட்டிப்போடப்பட்டிருக்கும். இங்கே நீ எதை மாற்றினாலும் அங்கேயும் மாறும். முதல் இயல் தொடங்கும் பக்கத்தின் அடிப்பகுதியில் இரண்டு முறை தட்டு, மேலே லிங்க் டு பிரீவியஸ் பொத்தான் தெரியும், அதை அணை. தலைப்பகுதிக்குப் போய் அங்கேயும் தனியாக அணை. ஒன்றை அணைத்தால் மற்றது அணையாது. கட்டை அவிழ்த்த பிறகுதான் எண்ணில் கைவைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாதே. பிறகு எண் வடிவத்தைத் திறந்து சாதா எண்ணைத் தேர்ந்தெடு, ஒன்றிலிருந்து தொடங்கு என்று சொல். முடிந்தது.

நண்பர்கள் நாலு பேர் எழுதியதை ஒட்டி ஆண்டு மலர் தயாரிக்கிறாயா? அவர்கள் கோப்புக்குள் இருக்கும் கல்லும் சேர்ந்து உன் கோப்புக்குள் வரும், உன் ஓரங்களைக் கலைக்கும். முதலில் அவர்கள் கோப்பில் கல் இருக்கிறதா என்று தேடு. தேடல் பெட்டியில் மோர், பிறகு ஸ்பெஷல், அதில் செக்‌ஷன் பிரேக், ஒன்றுவிடாமல் காட்டிக்கொடுக்கும்.

சுங்கை சிப்புட்டின் பழைய பால்மரக் காடுகளில் பெரும்பகுதி இன்று செம்பனையாகிவிட்டது. லயங்கள் பல இடிந்துவிட்டன. அங்கே இருந்தவர்களின் கதையை எழுதத்தான் நீ தஞ்சோங் மாலிமுக்குப் போனாய், 1922இல் ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமான சுல்தான் இட்ரிஸ் வளாகத்தில் உட்கார்ந்து படித்தாய், ஓய்ந்த பெரியவர்களின் திண்ணையில் மணிக்கணக்காகக் குரல் பதிவு செய்தாய். அதையெல்லாம் செய்தவள் ஒரு புள்ளிக்கோட்டின் முன் தோற்பதா? எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு வா.

கோப்பைத் திற. கண்ட்ரோல், ஷிஃப்ட், எட்டு, மூன்றையும் சேர்த்து அழுத்து. இதுவரை ஒளிந்திருந்த குறிகள் எல்லாம் வெளியே வரும். இரட்டைப் புள்ளிக்கோடு எங்கே நிற்கிறது, எங்கே நிற்கவில்லை என்று பார். திரையின் அடிப்பட்டையில் வலது பொத்தானைத் தட்டி செக்‌ஷன் என்பதைத் தேர்ந்தெடு. நீ எந்த டிவிஷனில் நிற்கிறாய் என்று அது எப்போதும் சொல்லும். நன்றியுரை முடியும் வரிக்குப் போ, அதில் பாட்டியின் பெயர் இருக்கிறதல்லவா, அந்தப் பெயருக்குப் பின்னால் முதல் கல்லை ஊன்று.