வென்றவரின் கச்சேரியும் ஊரின் கணக்கும்

போரில் வென்ற அரசு தன் பிடியில் உள்ள ஊரை யாரைக் கொண்டு நிர்வகிப்பது என்பது ஆள்சேர்ப்புச் சிக்கலாகவே தோன்றினாலும், அதனுள் இரண்டு அறக் கேள்விகள் அடங்கியுள்ளன: வென்றவர் தம் ஆட்களைப் பதவிகளில் அமர்த்துவது முறையா என்பது ஒன்று, தோற்ற ஊரின் அலுவலர் தம் பணியில் தொடர்வது தகுமா என்பது மற்றொன்று.

படைபலத்தால் நிலத்தை வைத்திருந்தும் அதற்கு உரியதாகிவிடாத அரசே சட்ட மொழியில் ஆக்கிரமிப்பு அரசு எனப்படுகிறது. அத்தகைய அரசு ஊரின் அமைதியைக் காக்க வேண்டும், இயன்றவரை அங்குள்ள சட்டங்களை மதிக்க வேண்டும் என்று 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் கூறின. 1939இல் வார்சா ஜெர்மனியிடம் வீழ்ந்தபின், நகரத் தலைவர் ஸ்டெஃபான் ஸ்டார்சின்ஸ்கி கைது செய்யப்பட, அவருடைய துணைவர் யூலியன் குல்ஸ்கி பொறுப்பேற்றார். அவருக்கு மேலே லுட்விக் லைஸ்ட் போன்ற ஜெர்மானிய அதிகாரிகள் அமர்ந்தனர். குடிநீரும் சாக்கடையும் போலந்துக்காரரின் சுமையாக இருக்க, இறுதி ஆணை ஜெர்மானியரிடம் இருந்தது. மனச்சான்றின் பொருட்டுப் பணியாற்ற மறுக்கும் அலுவலரைத் தண்டிக்கலாகாது என்னும் விதி 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையில்தான் இடம்பெற்றது.

இக்கேள்விகளைக் கொங்கு நாடு அதற்கு முன்பே சந்தித்திருந்தது. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து கோயம்புத்தூர்ப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமானபோது, பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடிடம் வருவாய் நிர்வாகம் பயின்ற வில்லியம் மக்லியாட் போன்ற படை அதிகாரிகள் கலெக்டர் பணிக்கு வந்தனர். கம்பெனி அந்நிலத்தைத் தன்னுடையதாகவே இணைத்துக்கொண்டதால் இதைத் தற்காலிக ஆக்கிரமிப்பு என்று சொல்ல இயலாது. எனினும், கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்படும்வரை கந்தாயம் என்னும் நிலவரியின் வசூலும் போரும் ஒரே மண்ணில் அருகருகே நடந்தன. உயர் பதவிகள் வெள்ளையருக்கு என்று ஆனபோதும், மணியகாரரும் கணக்குப்பிள்ளையும் இல்லாமல் ஒரு காணி நிலத்துக்குக்கூட வரி விதிக்க முடியவில்லை.

அந்த வரியின் கணக்குச் சென்ற வழியைக் கவனித்தால் சிக்கல் புலப்படும். கிராமத்தில் தமிழில் எழுதப்பட்ட கணக்கு, கச்சேரி எனப்பட்ட வருவாய் அலுவலகத்தில் மராத்தியாகி, சென்னைக்குச் செல்லும்போது ஆங்கிலமானது. கணக்கு மொழி மாறிய ஒவ்வொரு இடத்திலும், மறைக்க விரும்பியவனுக்கு வாய்ப்பு இருந்தது. வில்லியம் காரோ கலெக்டராக இருந்த காலத்தில் மாவட்டப் பொக்கிஷப் பொறுப்பில் இருந்த காசி செட்டியின் பெரும் முறைகேடுகளைத் கம்பெனி அதிகாரிகளான தாமஸ் மன்றோவும் ஜான் சல்லிவனும் பின்னர் விசாரித்து வெளிக்கொணர்ந்தனர். மேலே இருந்தவர் அயலார், கீழே இருந்தவர் உள்ளூரார். குடியானவருக்குப் பதில் சொல்லும் கடமை இருவரில் எவருக்கும் இருக்கவில்லை.

உயர் பொறுப்புகளிலிருந்து ஒரு மக்களை விலக்கிவைத்தால் அவர்களுடைய ஒழுக்கமே தாழும் என்று, சென்னையின் ஆளுநரான பின் மன்றோ 1824இல் எழுதிய குறிப்பில் வாதிட்டார். காசி செட்டி விவகாரத்தை நேரில் ஆராய்ந்தவரே இம்முடிவுக்கு வந்தது அவருடைய நேர்மையைக் காட்டுகிறது. ஆயினும் உள்ளூராரை உயர்த்துவதாலேயே அறம் நிறைவேறிவிடும் என்று கொள்வதற்கில்லை. உயர்த்தப்பட்டவர் தம்மை உயர்த்திய அரசுக்கு மட்டுமே கணக்குக் காட்டுவாராயின், அந்த அரசின் கை முன்னிலும் நீளமாகிறது.

அலுவலர் தொடர்வது தகுமா என்பதற்குச் செய்யும் வேலையே அளவுகோல் என்பர்: தண்ணீர் விடுபவர் தொடரலாம், தண்டனைக்கு ஆள் குறிப்பவர் விலக வேண்டும். இது பெரும்பாலும் சரியானதே. ஆனால் கணக்குப்பிள்ளையின் சுவடி இவ்விரண்டு வேலையையும் ஒருசேரச் செய்தது. குடியானவரின் நில உரிமைக்குச் சான்றாக இருந்த அதே பதிவு, யாரிடம் எவ்வளவு பிடுங்கலாம் என்பதற்கும் வழிகாட்டியாக இருந்தது. ஆகவே அலுவலர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது இன்னும் குறுகிய கேள்வியாகும்: தாம் எழுதுவதை, அது யாரைப் பற்றியதோ அவரிடம் படித்துக் காட்ட முடியுமா? முடியுமெனில், கச்சேரி எவருடையதாயினும் அந்த எழுத்தில் ஓரளவு நியாயம் எஞ்சுகிறது. முடியாதெனில், உழவனின் மொழியை எழுதுபவர் அறிந்திருப்பதால் அந்த உழவனுக்கு எவ்விதக் காப்பும் கிடைப்பதில்லை.