பழைய கருவியும் செவியின் பற்றும்

இல்லறத்தார் மேற்கொள்ளும் விரதங்களுள், போக உபபோகப் பொருள்களுக்கு அளவு வகுத்துக்கொள்வதும் ஒன்று என்பதை அன்பர்கள் அறிவர். உணவு, மலர், சந்தனம் போல ஒருமுறை துய்த்தவுடன் தீர்ந்துபோவது போகம். ஆடை, அணிகலன், பாத்திரம் போலத் திரும்பத் திரும்பத் துய்க்கப்படுவது உபபோகம். இவ்விரண்டில் வரையறுக்க எளிதாகத் தோன்றுவது உபபோகமே. இத்தனை சேலை, இத்தனை பாத்திரம் என்று எண்ணிச் சொல்லிவிடலாம். ஆனால் எண்ணிக்கை மாறாதிருக்கும்போதே பற்று வளரக்கூடும் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டில் இருப்பது ஒரே ஒரு கருவிதான். அதனை இன்னும் சிறப்பாக, இன்னும் சிறப்பாக என்று மாற்றிக்கொண்டே போனால் விரதம் காக்கப்பட்டதா, கைவிடப்பட்டதா?

இக்கேள்வியை என் முன் கொணர்ந்தது ஒரு சி.டி. பிளேயர். தொண்டை நாட்டிலிருந்து பணி நிமித்தம் மதுரைக்கு வந்து திருநகரில் குடியேறிய எங்கள் இல்லத்தில், காலஞ்சென்ற என் கணவர் 1990களின் தொடக்கத்தில் வாங்கிய கருவி அது. பொறியியல் பயிலும் பேரன் சென்ற கோடை விடுமுறைக்கு வந்தபோது, அதன் உள்ளுறுப்புகள் சிலவற்றை மாற்றி ஒலியை மேம்படுத்தித் தருவதாகச் சொன்னான். “பாட்டி, இதன் உயிர் நல்ல உயிர், உடம்புதான் தளர்ந்திருக்கிறது” என்றான். உயிரல்லாப் பொருளுக்கு உயிரை ஏற்றிச் சொன்னதை அப்போதே திருத்தினேன். ஆசிரியப் பயிற்சி பெற்றவளுக்கு அது கைவிட முடியாத வழக்கம். ஆனால் அவன் கேட்ட அனுமதியை உடனே கொடுக்க மனம் வரவில்லை. முதலில் அக்கருவி எவ்வாறு இயங்குகிறது என்று விளக்கச் சொன்னேன்.

குறுந்தகடு 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில், சோனி நிறுவனத்தின் சி.டி.பி.-101 என்னும் கருவியுடன் விற்பனைக்கு வந்தது. ஒலியை அலையாக அன்றி எண்ணாகப் பதிவதே அதன் நுட்பம். நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கிறார்கள். கண்ணுக்குப் புலப்படாத லேசர் ஒளி அவ்வெண்களைப் படிக்கிறது. தகட்டில் கீறல் விழுந்து, தடத்தின் வழியே ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளத்திற்கு எண்கள் அழிந்தாலும், கணக்கிட்டு அவற்றை அப்படியே மீட்கும் ஏற்பாடு அதில் உண்டு. ஆகவே இந்தப் பகுதியில் ‘சற்றே இனிமை கூடிற்று’ என்று சொல்வதற்கு இடம் மிகக் குறைவு. எண் சரியாக வந்திருக்கும், அல்லது வந்திராது. அப்படியிருந்தும் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில், குறுந்தகட்டின் விளிம்பில் பச்சை மை பூசினால் இசை இனிக்கும் என்றொரு நம்பிக்கை மேலை நாடுகளில் பரவியது. பூசியவர்கள் இனிமையைக் கேட்டதாகவே சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை; உண்மையாகவே அப்படிக் கேட்டது. பொய் சொல்லாத ஒருவர் மெய்யல்லாததைக் கேட்க முடிகிறதே என்பது என்னை நெடுநேரம் எண்ணவைத்தது.

எண் மீண்டும் அலையாகும் இடத்திலிருந்துதான் உறுப்புகளின் தரம் ஒலியைத் தொடத் தொடங்குகிறது. அங்கே சிறு உருளைகளாக நிற்பவை மின்தேக்கிகள். கடைக்காரர்கள் ‘கண்டன்சர்’ என்பர். அவற்றுள் ஒருவகைக்கு உள்ளே ஈரமான மின்பகு திரவம் உண்டு. ஆண்டுகள் செல்ல அது உலர்ந்துவிடும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. கோடையில் 40 டிகிரியை எட்டும் மதுரையில், மூடிய பெட்டிக்குள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவற்றின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கருவியில் பாட்டின் அடியில் ஓர் ஓயாத முரல்வு கேட்டுக்கொண்டிருந்ததற்கு அதுவே காரணம். தகட்டை வெளியே தள்ளும் தட்டின் ரப்பர் வாரும் தளர்ந்திருந்தது. வில்லையில் தூசி படிந்திருந்தது.

இவற்றைச் சீர்செய்வதில் அறத்தின்பாற்பட்ட ஐயம் எதுவும் எழவில்லை. வீணையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பலாமரத்தாலான குடமும் தண்டியும் தலைமுறைகளைக் கடந்தும் நிற்கும். 24 மெட்டுகளைத் தாங்கும் மெழுகோ காலத்தால் இளகியும் தேய்ந்தும் போகும். மேளம் கட்டுபவரிடம் கொடுத்துப் புதிதாக அமைத்துக்கொள்வார்கள். (அது தேன்மெழுகு என்பதில் நம்மவர்க்கு ஒரு மனத்தடை உண்டு. அது தனியே ஆராய வேண்டிய செய்தி.) மெழுகு மாறியதால் வீணை வேறாயிற்று என்று எவரும் கூறார். தோற்றம், கேடு, நிலைபேறு என்னும் மூன்றும் ஒரே பொருளில் ஒருங்கே நிகழும் என்று நாம் படித்ததற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. என் கணவரின் கைபட்ட பொருளாயிற்றே என்ற தயக்கமும் இதனால் பெரும்பாலும் நீங்கிற்று. அவர் விரல் பட்டது முன்பக்கத்துப் பொத்தான்களில்தான். மின்தேக்கிகளை அவர் கண்டதே இல்லை.

சீர்செய்யாமல் தூக்கியெறிவது மட்டும் தூய செயலா? பழைய மின்கருவிகளின் பற்றவைப்பில் ஈயம் இருக்கிறது. மின்கழிவு மேலாண்மை விதிகள், 2022 என்பவை 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஆயினும் தெருவோரத்தில் கம்பிகளை எரித்துச் செம்பு எடுப்போரின் புகையைச் சுவாசிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கடினமான பகுதி இதற்குப் பின்னர்தான் வருகிறது. பேரன் அத்துடன் நிற்க விரும்பவில்லை. ஒலியைப் பெருக்கி வெளியே அனுப்பும் ‘ஆப்-ஆம்ப்’ என்னும் சில்லை எடுத்துவிட்டு விலை உயர்ந்த ஒன்றைப் பொருத்த வேண்டும் என்றான். தயாரிப்பாளர் விலைக்கு அஞ்சிச் சிக்கனம் செய்த இடங்கள் எல்லாக் கருவியிலும் உண்டு என்பது அவன் வாதம். அது வீண் வாதமன்று. மராண்ட்ஸ் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றி 2019இல் மறைந்த கென் இஷிவாட்டா என்னும் ஜப்பானியர், 1990களில் சி.டி.-63 என்னும் நடுத்தர விலைக் கருவியின் உறுப்புகளைத் தேர்ந்து மாற்றித் தம் பெயரின் முதலெழுத்துகளோடு சிறப்புப் பதிப்பாக வெளியிட்டார். தயாரிப்பாளரே செய்ததை நாம் செய்யலாகாதா?

அடுத்து அவன் சொன்னது இன்னும் வியப்பாக இருந்தது. எண்ணிலிருந்து அலை பிறக்கும்போது வேண்டாத உயர் அதிர்வுகளும் உடன் பிறக்கின்றன. அவற்றைக் களையவே எண்வடிகட்டி ஒன்றை அமைத்திருக்கிறார்கள். ஆர்வலர் சிலர் அவ்வடிகட்டியையே நீக்கிவிடுகிறார்கள். நீக்கினால் 20,000 அதிர்வெண் அருகே ஒலி 3 டெசிபெல் அளவு குறைகிறது. வேண்டாத அதிர்வுகளும் தங்கிவிடுகின்றன. அளவுகோலின்படி இது கேடு. இருந்தும் அவர்கள் ‘இயல்பாக ஒலிக்கிறது’ என்று மகிழ்கிறார்கள்.

இங்கே ‘மேம்படுத்துதல்’ என்னும் சொல்லே பொருள் மாறிவிடுகிறது. 1916இல் இதே மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்களின் குரலை நான் கேட்க அமர்கிறேன் என்றால், அவர் பாடியது என்னை வந்தடைய வேண்டும் என விரும்புகிறேனா, எனக்குப் பிடித்தவாறு அவர் பாடியிருக்க வேண்டும் என விரும்புகிறேனா? முன்னது வாய்மையின் பக்கம் நிற்கும். பின்னது செவிக்கு ஊட்டும் தீனி. ஒலிவாங்கியும் பதிவாளரும் அறையும் சேர்ந்து முன்பே ஒரு கோணத்திலிருந்துதான் அக்குரலை நமக்குத் தந்திருக்கிறார்கள், முழு மெய்யொலியை நாம் என்றுமே கேட்டதில்லை என்று பேரன் மறுத்தான். உண்மைதான். எந்தக் கூற்றும் ஒரு நயத்தின்பாற்பட்டதே என்று கற்ற நாம் அதை மறுக்க முடியாது. ஆனால் பல நயங்கள் உண்டு என்பதால், இல்லாததைச் சேர்த்துக்கொள்ள உரிமை வந்துவிடாது. மங்கிய கல்வெட்டைப் படிக்கத் தூசியைத் துடைக்கலாம். எழுத்தை ஆழப்படுத்த உளி எடுக்கலாகாது.

என் வயதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எழுபதைக் கடந்த செவிகள் பலவற்றுக்கு 10,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டவை எட்டுவதே இல்லை. அப்படியானால் இம்மேன்மை யாருக்காக? “நான் கேட்பேனே, பாட்டி” என்றான். அதுவும் ஒரு நியாயம்தான்.

வாதத்தால் தீராததைச் சோதனையால் தீர்க்க முற்பட்டோம். பொதுத்தேர்வு விடைத்தாளில் மாணவரின் பதிவெண்ணை மறைத்து டம்மி எண் இட்டு எங்களிடம் தருவார்கள். யாருடையது என அறிந்தால் கை தானாகவே தாராளமாகும், அல்லது இறுகும் என்பதால்தான் அந்த ஏற்பாடு. திருத்துபவர் நேர்மையற்றவர் என்பது அதன் பொருளன்று. செவிக்கும் அதே ஏற்பாட்டைச் செய்தோம். சில்லை எளிதில் கழற்றி மாட்டுவதற்கு ஒரு தாங்கியைப் பற்றவைத்தான். நாணயத்தைச் சுண்டிப் பழையதா புதியதா என முடிவுசெய்து, ஒவ்வொரு முறையும் மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே மாட்டினான். (230 வோல்ட்டும் கண்ணுக்குத் தெரியாத லேசரும் உள்ள பெட்டி அது; பழகாதவர்கள் திறக்க வேண்டா.) நான் அடுத்த அறையில் இருந்து, மூடி போட்ட பின் வந்து கேட்டேன். பத்தில் ஆறு முறை சரியாகச் சொன்னேன். எனக்குச் சற்றே பெருமிதம்கூட உண்டாயிற்று. காசைச் சுண்டிக் குருட்டாம்போக்கில் சொன்னாலே பத்தில் ஆறோ அதற்கு மேலோ சரியாக வர மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு என்று அவன் கணக்குப் போட்டுக் காட்டினான். பிறகு அவன் நண்பன் வந்து அவனைச் சோதித்தான். அவனுக்கு ஐந்து.

இரு சோதனைகளால் எதுவும் முடிந்துவிடவில்லை. சில்லை மாற்றும் சில நிமிடங்களில் முன் கேட்டது நினைவில் மங்கிவிடுகிறது என்பதும் உண்மை. ஆயினும் முன்பு ‘இரவும் பகலும் போன்ற வேறுபாடு’ என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அச்சொல்லைப் பின்னர் எடுக்கவில்லை.

இப்போது கருவியில் இருப்பது பழைய சில்லே. முரல்வு இல்லை, தட்டு தடையின்றித் திறக்கிறது. கழற்றிய உறுப்புகளையும் அந்த விலை உயர்ந்த சில்லையும், எது எந்நாளில் மாற்றப்பட்டது என்ற குறிப்புடன் ஓர் அட்டைப்பெட்டியில் இட்டு அலமாரியில் வைத்துச் சென்றிருக்கிறான். வடிகட்டியைப் பற்றி அடுத்த விடுமுறையில் பேசலாம் என்கிறான். வரட்டும். நாணயம் மேசை இழுப்பறையில் இருக்கிறது.